கவுன்சிலர் ஓட்டு கேட்டு வந்தால், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள்

வேலூர் மாநகராட்சிக்கு நாம் கடைசியாக ஓட்டுப் போட்டது 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி. மார்ச் 2-ஆம் தேதி அறுபது வார்டு கவுன்சிலர்களும் பதவியேற்றார்கள், 4-ஆம் தேதி அவர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வருஷக் கணக்குப்படி 2027 மார்ச்சோடு இந்தக் கவுன்சிலின் காலம் முடிகிறது. கிராமப் பக்கம் இன்னும் முன்னாடியே முடிந்துவிடும், ஏனென்றால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரைக்கும் கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து நகரங்களை ஓட்டினார்களே, அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை கிடைக்க வேண்டிய சந்தர்ப்பம் நமக்குப் பத்து வருஷத்துக்கு ஒன்றாகச் சுருங்கிப் போயிருந்தது. அதனால்தான் அடுத்த தடவை ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் என்ன பேசுவது என்று இப்போதே யோசித்து வைக்கலாம் என்று எழுதுகிறேன்.

வார்டுத் தேர்தல் என்றால் எல்லாக் கட்சி நோட்டீஸிலும் ஒரே வரிகள்தான் இருக்கும். தடையில்லாக் குடிநீர், பாதாளச் சாக்கடை, குப்பையில்லா வார்டு, இத்தனை கோடியில் திட்டம். கோடிக் கணக்கைக் கேட்டு நாமும் தலையாட்டிவிடுகிறோம். என்னைக் கேட்டால், கவுன்சிலர் வேட்பாளரிடம் கோடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். குழாய் ஏற்கெனவே இருக்கிறது, டேங்க் இருக்கிறது, குப்பை பிரிக்கும் ஷெட் இருக்கிறது. இருப்பதைத் தினமும் யார் ஓட்டுவார்கள், எத்தனை மணிக்கு ஓட்டுவார்கள், ஓட்டவில்லை என்றால் யாரைக் கேட்பது, இது மூன்றும்தான் வார்டுத் தேர்தலின் விஷயம்.

என் பெரியம்மா வீடு வேலூரை ஒட்டிய ஒரு ஊரில் இருக்கிறது. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறார். அவர் தெருவில் தண்ணீர் வரும் நாள் எல்லோருக்கும் தெரியும், நேரம்தான் தெரியாது. விடியற்காலை நாலு மணிக்கும் வரலாம், மதியம் இரண்டு மணிக்கும் வரலாம். முதலில் குழாயில் காற்று சீறும். அந்தச் சத்தம் கேட்டதும் தெருவே குடத்தோடு வாசலுக்கு வந்துவிடும். முதல் இரண்டு குடம் செம்மண் கலரில் இருக்கும், அது வாசல் தெளிக்கவும் செடிக்கும். மூன்றாவது குடத்திலிருந்து வெள்ளைத் துணியை வாயில் கட்டிப் பிடிப்பார். அதற்குள் தெருவின் மேட்டுப் பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகளில் மோட்டார் ஓடத் தொடங்கும், இந்தப் பக்கம் தண்ணீர் நூலாக இறங்கும். அந்த நாள் கூலி போயிற்று. மாதத்தில் எத்தனை கூலி இப்படிப் போகிறது என்று பெரியம்மா கணக்குப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் பார்த்து என்ன ஆகப் போகிறது என்று ஒரு சலிப்பு.

தண்ணீர் திறந்துவிடுகிறவர் எக்ஸல் வண்டியில் நீளமான இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு வருவார். ஒரு தடவை நான் அங்கே இருந்தபோது பெரியம்மா அவரை நிறுத்திக் கேட்டார், "தம்பி, அடுத்த வாட்டி எத்தனை மணிக்குன்னு சொன்னா நான் பாதி நாளாவது வேலைக்குப் போய் வருவேன்ல?" அவர் கோபப்படவில்லை. "யம்மா, டேங்க் ரொம்பினாத்தான் நான் திறக்க முடியும். ரொம்புறது என் கையில இல்லம்மா. மேல எப்போ விடுறாங்கன்னு எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்." அவர் சொன்னது முழுக்க உண்மை. எத்தனையோ கோடியில் போட்ட ஒரு திட்டத்தின் கடைசி முனையில் ஒரு மனிதரும் ஒரு சாவியும் இருக்கிறார்கள், அவருக்கும் தகவல் இல்லை, குடத்தோடு நிற்கிறவருக்கும் தகவல் இல்லை.

பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசு வழிகாட்டி நூலில் இருக்கிற அளவு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 675 லிட்டர். நாலு நாளைக்கு ஒரு தடவை விட்டால், வருகிற அன்றைக்கே 2,700 லிட்டரைப் பிடித்து வைக்க வேண்டும். சம்ப்பும் மாடியில் சின்டெக்ஸும் இருக்கிற வீட்டுக்கு இது ஒரு விஷயமே இல்லை. பதினைந்து லிட்டர் குடத்தில் பிடிக்கிற வீட்டுக்கு அது 180 குடம். எந்த வீட்டில் 180 குடம் இருக்கிறது? அதனால் அதிகாரிகள் காகிதத்தில் ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று சராசரி எழுதினாலும், சேமிக்க இடமில்லாத வீடு தன் பங்கை வாங்காமலேயே விட்டுவிடுகிறது. பிடித்து வைத்ததையும் நாலு நாள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, முழுசாகக் காலியே ஆகாத, மூடி சரியில்லாத டிரம்மில் டெங்குக் கொசு முட்டையிட்டு வளர ஒரு வாரம் பத்து நாள் போதும். அப்புறம் கொசு ஒழிப்புக்கு வருகிறவர்கள் அந்த டிரம்மைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள், கவிழ்க்க மனசு வருமா?

சரி, இதில் கவுன்சிலர் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாமும் தவறான ஆளைப் பிடித்துத் தவறான கேள்வி கேட்டுக்கொண்டிருப்போம்.

நம் ஊருக்குத் தண்ணீர் பல வழியில் வருகிறது. ஒரு காலத்தில் ஓட்டேரி ஏரிதான் ஊருக்குக் குடிநீர் கொடுத்தது. பாலாற்றின் மணலுக்குள் கிணறு எடுத்து, பொன்னை ஆற்றில் கிணறு எடுத்து இறைத்தார்கள். அது எல்லாம் போதாமல் போய், இன்றைக்கு மேட்டூர்ப் பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் இவ்வளவு தூரம் வருகிறது. காவிரி நீரை மொத்தமாகக் கொண்டுவந்து நகரத்தின் வாசலில் கொடுப்பது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, வார்டு வார்டாகப் பிரித்து, தெருவில் வால்வைத் திறந்துவிடுவது உள்ளாட்சி. ஆக, மேட்டூரிலிருந்து எத்தனை லட்சம் லிட்டர் வரும் என்பதைக் கவுன்சிலர் தீர்மானிக்க முடியாது. வந்த தண்ணீரை எந்தத் தெருவுக்கு எந்த முறையில் எந்த நேரத்தில் கொடுப்பது என்பதில் அவருக்குக் கட்டாயம் பங்கு உண்டு. தொட்டி நிரம்பியதும் வார்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. தெரு முனையில் ஒரு போர்டு வைத்து இன்ன கிழமை, இன்ன நேரத்துக்குள் என்று எழுதுவதற்கு டெண்டர் தேவையில்லை. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீட்டுக்குப் போய் எடுக்கச் சொல்வதற்குத் தேவைப்படுவது தைரியம் மட்டும்தான், அந்த வீட்டு ஓட்டு போய்விடுமே என்று பயப்படாத தைரியம். தேர்தலுக்கு முன்பே வேட்பாளரிடம் இதைச் சொல்லவைக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். "ஜெயித்தால் மோட்டார் வைக்கிறவர்களைப் பாரபட்சம் இல்லாமல் நிறுத்துவீர்களா, உங்கள் கட்சிக்காரர் வீடாக இருந்தாலும்?"

பாலாற்றைப் பற்றி வார்டுத் தேர்தலில் பேசுவதும் அப்படித்தான். பாலாற்றில் தண்ணீர் ஓட வைப்போம் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கர்நாடகத்தில் நந்தி மலையில் பிறந்து, கொஞ்ச தூரம் ஆந்திரத்தில் ஓடி, மிச்சம் 222 கிலோமீட்டர் நம் பக்கம் வருகிற ஆறு அது. 1892-ஆம் வருஷ மதராஸ் மைசூர் ஒப்பந்தத்திலேயே பாலாறு இருக்கிறது. ஆந்திரத் தடுப்பணைகளும் தென்பெண்ணை பாலாறு இணைப்பும் மாநிலங்களும் நீதிமன்றங்களும் தீர்க்க வேண்டிய விஷயம், 60 வார்டு கவுன்சிலர்கள் சேர்ந்து தீர்மானம் போட்டாலும் ஒரு சொட்டு கூட நகராது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு விஷயத்தைப் பாருங்கள். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதிதான் என்று உறுதிப்படுத்திய தீர்ப்பு. தோல் தொழில் பகுதிகளில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாகவோ பாதியாகவோ பயிர் வைக்க முடியாமல் போய்விட்டது என்று அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. அதே விஷயத்துக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் ஏறத்தாழ முப்பது வருஷம். அவ்வளவு பெரிய போராட்டத்தை நடத்தியவர்கள் இந்த வட ஆற்காட்டு மக்கள்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அது வேறு மேடை. கவுன்சிலர் பாலாற்றுக்குச் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது, தன் வார்டுச் சாக்கடையும் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடைக் கழிவும் பாலாற்றங்கரைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. அதைச் செய்தால் போதும், பெரிய உபகாரம்.

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைச் சொல்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் ஆறும் இரு கரை தொட்டு ஓடியது. அப்போது என்ன நடந்தது என்று நினைவிருக்கும். அகழி நிரம்பி, கோட்டைக்குள் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் புகுந்து, பக்தர்கள் உள்ளே போக முடியாமல் நின்றார்கள். அகழியில் மிஞ்சும் தண்ணீர் பாலாற்றுக்குப் போகக் கால்வாய் வைத்துக் கட்டிய ஊர் இது, அந்தப் போக்கு அடைபட்டுப் போனதுதான் பிரச்சினை. கன்சால்பேட்டைப் பக்கம் ஒவ்வொரு பெருமழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் வருவதும், நிக்கல்சன் கால்வாய் தூர்ந்து போய்க் கிடந்தால் வருவதும் இதே கதைதான். மழை நின்ற பிறகு படகில் வந்து பால் பாக்கெட் கொடுக்கிற கவுன்சிலரைவிட, ஆகஸ்ட் செப்டம்பரில் தூர்வாரும் இடத்தில் நின்று, அள்ளிய மண்ணை அன்றைக்கே லாரியில் ஏற்றச் சொல்கிற கவுன்சிலர் மேல். கரையிலேயே குவித்து வைத்துவிட்டுப் போனால் முதல் மழையிலேயே அது திரும்ப உள்ளே இறங்கிவிடும், இது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் நடக்கிறது.

வேலை நடக்கும் இடத்தில் ஆள் நிற்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் ஊர் தமிழ்நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டது. வேலூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது 2016 செப்டம்பரில். அந்தத் திட்டத்தில் ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, அதே அளவு மாநிலப் பங்கு என்பது விதியாக இருந்தது. 2022 ஜூனில் நிறுத்தி வைத்திருந்த பைக்கை நகர்த்தாமல் அதன் சக்கரத்தைச் சேர்த்தே சிமெண்ட் ரோடு போட்டார்கள், படம் எல்லோர் போனிலும் வந்தது. அதே வருஷம் அடிபம்பை எடுக்காமல் அதைச் சுற்றியே கால்வாய் கான்கிரீட் போட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி வந்து அவசரமாகப் போட்டுவிட்டுப் போகிற வேலைக்கு அந்தத் தெருவில் பொறுப்பாக ஒருவர்கூட இல்லை என்பது அதில் தெரிந்தது. ஒப்பந்தக்காரர் எத்தனை மணிக்கு வருகிறார், எத்தனை அங்குலம் ஜல்லி, எத்தனை அங்குலம் கான்கிரீட் என்று தெருவில் போர்டு வைத்திருந்தால், பைக்கின் சொந்தக்காரரே எழுந்து வந்து வண்டியை நகர்த்தியிருப்பாரே.

குடிநீருக்கும் சாக்கடைக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு நாளைக்கு ஒருமுறை விடுகிற குழாய் மிச்ச நாளெல்லாம் காலியாகக் கிடக்கிறது. காலிக் குழாயில் எங்காவது விரிசல் இருந்து, அது கால்வாயை ஒட்டிப் போகிற இடமாக இருந்தால், அழுத்தம் இல்லாத நேரத்தில் வெளியே இருக்கும் சாக்கடை நீர் உள்ளே இழுபடும். குழாய் திறந்ததும் முதலில் வருவது அதுவும் சேர்ந்துதான். அதனால்தான் கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பதற்குப் பெரிய லேப் எதுவும் வேண்டாம், சின்ன குப்பியில் தண்ணீரைப் பிடித்து மருந்து சொட்டு விட்டால் மஞ்சளாகும், எவ்வளவு மஞ்சள் என்று பக்கத்தில் இருக்கும் அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். டேங்க்கில் பார்ப்பதற்குப் பதில் தெருவின் கடைசி வீட்டில் பார்க்கச் சொல்லிக் கவுன்சிலர் கேட்க வேண்டும். கேன் தண்ணீர் வாங்க முடியாத வீடுகள் பெரும்பாலும் அந்தக் கடைசியில்தான் இருக்கின்றன.

இனி குப்பை. இதில் வேலூர் மற்ற ஊர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஊர் என்பது நம்மிலேயே பல பேருக்குத் தெரியாது. வேலூர் சீனிவாசன் காங்கேயநல்லூரில் ஆரம்பித்த வேலை அது. வீட்டிலேயே மக்கும் குப்பை தனி, மக்காதது தனி என்று பச்சை, சிவப்புத் தொட்டியில் வாங்கி, ஒரு நாளைக்கு இரண்டு வேளை வண்டி அனுப்பி, காய்கறிக் கழிவை மாட்டுக்குப் போட்டு, சாணத்தில் கேஸ் எடுத்து, மிச்சத்தை உரமாக்கி, ஊருக்கு வெளியே மலையாகக் கொட்ட எதுவுமே இல்லாமல் செய்துவிடலாம் என்று காட்டினார். அதைப் பார்த்து வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். அதே ஊரில்தான் சதுப்பேரிப் பக்கம் வருஷக்கணக்கில் குப்பை குவிந்து, எரிந்து, புகைந்துகொண்டிருந்தது. வழி தெரிந்த ஊரில் இது நடந்ததுதான் என்னால் ஏற்க முடியாதது.

நான் போய்ப் பார்த்த ஒரு ஷெட்டைப் பற்றிச் சொல்கிறேன். நீளமான தகரக் கூரை, நடுவில் வலை அடித்த மேஜை, சுற்றி ஏழெட்டுப் பெண்கள். சித்திரை வெயில், உள்ளே மின்விசிறி ஒரு மூலையில். மூட்டையைக் கொட்டியதும் ஒவ்வொருவர் கையும் ஒன்றைத் தேடுகிறது. ஒருவர் பால் கவர், ஒருவர் தேங்காய் ஓடு, ஒருவர் பாட்டில் மூடி. பால் கவரைக் கழுவிக் கொடியில் காயப் போடுகிறார்கள், காய்ந்தால் எடை நல்ல விலைக்குப் போகிறதாம். எது ரொம்பக் கஷ்டம் என்று கேட்டேன். ஒரு அக்கா யோசிக்காமல் சொன்னார், "பாப்பா பேம்பர்ஸும் உடைஞ்ச கண்ணாடியும். ஒரு பேப்பர்ல சுத்தி மேல சிவப்பா ஒரு கோடு போட்டுக் குடுத்தாங்கன்னா எங்க கை தப்பிக்கும், அவ்ளோதான்." உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். பழைய வெட்டுகள், புதுசாக ஒன்று, அதன் மேல் மஞ்சள் பூசியிருந்தது. கையுறை கொடுத்திருக்கிறார்கள், அதைப் போட்டுக்கொண்டால் மெல்லிசான பிளாஸ்டிக்கைப் பிரிக்க முடிவதில்லை என்று கழற்றி வைத்துவிட்டுத்தான் எல்லோரும் வேலை செய்கிறார்கள். அப்படியென்றால் அந்த வேலைக்கு ஏற்ற கையுறையைத் தேடிக் கொடுக்க வேண்டியது யார்? பிரித்துக் கொடுக்காதவன் மேல் பழி போட்டுவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது, நிர்வாகத்தின் மேல் பழி போட்டுவிட்டு நாமும் கண்ணாடியை மூட்டைக்குள் திணிக்கக் கூடாது.

இந்த வேலைக்காரர்களின் சம்பளம் தேர்தல் பேச்சில் வருவதே இல்லை. மாநகராட்சிகளில் பல பணியிடங்களை வெளிமுகமை வழியாக நிரப்ப 2022-இல் அரசாணை 152 வந்ததிலிருந்து தூய்மைப் பணி ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கலெக்டர் நிர்ணயித்த கூலி முழுசாகக் கைக்கு வருகிறதா, பிடித்த பி.எஃப். கணக்கில் சேர்கிறதா, இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று கவுன்சில் கூட்டத்தில் எழுந்து கேட்க ஒரு கவுன்சிலருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஒப்பந்தம் கவுன்சில் வழியாகத்தானே போகிறது? எனக்கு இது சொந்த விஷயமாகவே படுகிறது. தினமும் காலை ஆறரைக்கு நம் வாசலில் விசில் ஊதுகிறவருக்கு மாதம் எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? செப்டிக் டேங்க்குக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது, லாரியை வரவழைக்க 14420 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண் வார்டு அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம் வேலூருக்கே உரிய ஒரு விஷயம். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வருகிற நோயாளிகள், அவர்களோடு வருகிறவர்கள், காட்பாடிப் பக்கம் கல்லூரி மாணவர்கள் என்று ஊரில் எந்நேரமும் ஒரு பெரிய கூட்டம் வந்துபோய்க்கொண்டே இருக்கிறது. அவர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஆனால் இங்கேதான் குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள், சமைக்கிறார்கள். காந்தி ரோட்டையும் பாபு ராவ் தெருவையும் சுற்றியிருக்கிற லாட்ஜ்களின் குப்பை ஒரு சாதாரண வார்டுக் குப்பை மாதிரி இருக்காது. 2016 திடக்கழிவு விதிகள் நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடங்களைத் தனியாகவே வகைப்படுத்தி, அவர்கள் பிரித்து, முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே மக்கும் கழிவைக் கையாள வேண்டும் என்று சொன்னது. அந்த வார்டுகளில் நிற்கிற வேட்பாளர்கள் லாட்ஜ் முதலாளிகளிடமும் கல்யாண மண்டபக்காரர்களிடமும் இதைப் பேசுவார்களா? பேசினால்தான் துப்புரவு வண்டி மிச்சத் தெருக்களுக்கு நேரத்துக்குப் போகும். நேதாஜி மார்க்கெட் காய்கறிக் கழிவும் அப்படித்தான், அது முழுக்க உரமும் கேஸும் ஆக வேண்டிய பொருள்.

கரண்ட்டைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. யூனிட் கட்டணம், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், மின்வெட்டு, இது எதுவும் கவுன்சிலர் கையில் இல்லை. தெருவிளக்கு அவர் கையில் இருக்கிறது. கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு உள்ளாட்சியுடையது என்பதால் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காட்டுவார்கள். கம்பத்துக்கு எண் போட்டு, புகார் சொன்ன நாளையும் சரிசெய்த நாளையும் எழுதி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

வரியைப் பற்றியும் நேராகப் பேசிவிடலாம். 2022 ஏப்ரலில் சொத்து வரியை ஏற்றினார்கள், 600 சதுர அடி வரை 25 சதவீதம், அதற்கு மேல் அளவைப் பொறுத்துக் கூடிக்கொண்டே போனது. ஓட்டுக்காக "வரியைக் குறைப்போம்" என்று சொல்கிற வேட்பாளரை நான் நம்ப மாட்டேன். வரி வாங்காமல் பம்பு ஓடாது. என் வார்டில் எவ்வளவு வசூலானது, அதில் இந்த வார்டுக்கு என்ன செலவானது என்று வருஷத்துக்கு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பேன் என்று சொல்கிறவருக்கு ஓட்டுப் போடுவேன்.

இதையெல்லாம் தேர்தல் முடிந்த பிறகு எங்கே கேட்பது? அதற்கு ஒரு இடம் இருக்கிறது. ஊராட்சிகளில் கிராம சபை மாதிரி, நகரங்களிலும் வார்டுக் குழு, பகுதி சபை என்று 2022-இல் விதி வந்து, அந்த வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தில் கூட்டமும் நடந்தது. கவுன்சிலர்தான் வார்டுக் குழுத் தலைவர். சொந்த வார்டில் பகுதி சபையில் உட்காருகிறவர்கள் யார் என்று அக்கம் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். கிராம சபையில் எழுந்து நின்று பிரசிடெண்ட்டைக் கேள்வி கேட்கிற பழக்கம் நம் கிராமத்துப் பெண்களுக்கு நன்றாகவே இருக்கிறது, நகரத்தில் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆன பிறகும், கூட்டத்தில் பேசுவது அவர் வீட்டுக்காரராக இருந்தால் தண்ணீர் பிடிக்கிறவரின் பிரச்சினை எப்படி மேலே போகும்? வேட்பாளர் பெண் என்றால் அவரிடமே பேசுங்கள், பக்கத்தில் நிற்கிறவர் குறுக்கே பதில் சொன்னால் "அக்காவே சொல்லட்டும்ணா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

நம் ஒரு தெரு கேட்டு என்ன ஆகப் போகிறது என்று தோன்றலாம். 2022-இல் வேலூர் 37-ஆவது வார்டில் தி.மு.க. சார்பில் நின்ற திருநங்கை கங்கா ஜெயித்தது 15 ஓட்டு வித்தியாசத்தில். பதினைந்து ஓட்டு என்பது நாலைந்து வீடு. சட்டமன்றத் தேர்தலில் ஒரு தெருவுக்கு எந்த பலமும் கிடையாது, வார்டுத் தேர்தலில் ஒரே தெரு முடிவை மாற்றிவிடும், வேட்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பெரியம்மா தெருவில் பெண்கள் பேசி வைத்திருக்கிறார்கள். யார் ஓட்டு கேட்டு வந்தாலும் எந்தக் கட்சியானாலும் உட்கார வைத்து மோர் கொடுத்து, கையில் ஒரு தாளும் பேனாவும் கொடுக்கப் போகிறார்கள். அதில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. மாறினால் முதல் நாளே யார் எந்த போனிலிருந்து சொல்வார்கள். மோட்டார் வைத்து இழுக்கும் வீட்டை யார் வந்து நிறுத்துவார்கள். தாளை மூன்று நகல் எடுத்து, ஒன்று வேட்பாளருக்கு, ஒன்று வால்வு திறக்கிறவருக்கு, ஒன்று ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுவதற்கு. கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறவரிடம் ஏன் என்று கேட்கும் பொறுப்பைப் பெரியம்மா தானே எடுத்துக்கொண்டிருக்கிறார்.